புகைக்கொட்டகையும் ஆறு சன்னல்களும்

அம்மா எதையும் வெளிச்சத்தில் பிடித்துத்தான் பார்ப்பார். சிங்கப்பூரின் தேக்காவில் சேலை எடுக்கப் போனால், கடைக்காரர் விரித்துப்போட்ட முந்தானையை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு வாசல்வரை நடந்துவிடுவார். கடைக்காரர் பதறிப்போய்ப் பின்னாலேயே வருவார். பத்து வெள்ளி நோட்டு, அப்பாவின் வேட்டி, என் பள்ளித் தேர்ச்சி அட்டை, எதுவும் தப்பியதில்லை. அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குப் படிக்கத் தெரியாது. இருந்தாலும் சன்னல் பக்கம் திரும்பி, மேல்முனைகள் இரண்டையும் பிடித்து, தலையைச் சற்றுப் பின்னுக்குச் சாய்த்து, மேலிருந்து கீழாக ஒருமுறை, இடமிருந்து வலமாக ஒருமுறை பார்ப்பார். பிறகு மடித்துத் தருவார். "நல்லாருக்கு கண்ணு."

பதினான்கு வயதில் தொடங்கி இருபத்தைந்து ஆண்டுகள் ரப்பர் ஆலையில் சீட்டு, அதாவது ரப்பர் தகடு, தரம் பிரித்த கைகள் அவை. 2019-ல் அம்மா தவறிப்போனார். காரியங்கள் முடிந்த மறுவாரம் அவருடைய பீரோவை ஒழித்தபோது, துணி மடிப்புக்குள் ஒரு பழைய கத்திரிக்கோல் கிடைத்தது. கைப்பிடியில் கிழிந்த சேலைத்துணி சுற்றியிருந்தது. முகர்ந்தேன். நாற்பது வருடத்துக்குப் பிறகும் புகை வாசம் போகவில்லை. அன்றிலிருந்து அந்த ஆலையைப் பற்றியும் அதைச் சுற்றியிருந்த எங்கள் கம்பத்தைப் பற்றியும் தெரிந்தவர்களைத் தேடிப்பிடித்துக் கேட்டு எழுதி வைத்து வருகிறேன். கம்பம் என்று நாங்கள் சொல்வது கிராமத்தை.

சிங்கப்பூரில் பால்மரக்காடா, ரப்பர் தோட்டமா என்று என்னிடம் படித்த பிள்ளைகளே கேட்டிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. இன்று செம்பவாங் சாலையில் பேருந்தில் போகிறவர்களுக்கு அடுக்குமாடி வீடுகளும் முகாம் வேலியும்தான் தெரியும். ஆனால் தீவின் வடக்கில், மண்டாய், நீ சூன், செம்பவாங் என்று ஒரு பெரும் பரப்பு முழுக்கப் பால்மரம் நின்ற காலம் இருந்தது. அந்த மரம் மலாயாவுக்குப் பரவியதே இங்கிருந்துதான். 1877-ல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 கன்றுகள் பூமலைக்கு வந்து சேர்ந்தன. பொட்டானிக் கார்டன்ஸ் என்று சொன்னால்தான் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் பூமலைதான். அங்கே 1888 முதல் பொறுப்பிலிருந்த ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மட்டும் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்தார். விதைகளைச் சட்டைப் பைகளில் போட்டுக்கொண்டு தோட்டக்காரர்களிடம் கெஞ்சிக் கொடுத்தாராம். காப்பி பயிரிட்டவர்கள் அவரைப் பைத்தியம் என்றார்கள். பிறகு மோட்டார் வண்டி வந்தது, டயர் வந்தது, பைத்தியம் என்றவர்களும் வரிசையில் நின்று நட்டார்கள்.

எங்கள் பக்கத்தின் கதை அதற்கும் முந்தையது. நீ சூன் கிராமத்துக்குப் பழைய பெயர் சான் சூ காங். அங்கே சீனர்கள் மிளகும் கத்தைக்காம்பும் பயிரிட்டார்கள். கத்தைக்காம்பு என்றால் நம் வெற்றிலைக்குப் போடுகிற அதே காம்புதான். ஐரோப்பாவில் தோல் பதனிட அதை வாங்கினார்கள். இலையைப் பெரிய அண்டாக்களில் போட்டு மணிக்கணக்கில் கொதிக்க வைக்க வேண்டும். அடுப்புக்கு விறகாகிக் காடு அழிந்தது, மண்ணும் சத்திழந்தது. அந்த வெறுமையான நிலத்தில்தான் அடுத்து அன்னாசியும் பால்மரமும் சேர்ந்து வந்தன. பால்மரம் வெட்டுக்கு வர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அதுவரை கன்றுகளுக்கு நடுவே அன்னாசி போட்டால் கைக்குக் காசு வந்துகொண்டிருக்கும். இதை மிகப் பெரிய அளவில் செய்து காட்டியவர் லிம் நீ சூன். 1879-ல் பிறந்தவர், அன்னாசிக்கும் ரப்பருக்கும் பேர்போனவர், சீனப் புரட்சித் தலைவர் சுன் யாட் சென்னுக்கு நெருங்கிய நண்பர். 1936-ல் சீனாவில் இறந்தபோது நான்ஜிங்கில் சுன் யாட் சென் நினைவிடத்துக்கு அருகிலேயே அடக்கம் செய்தார்கள்.

அவர் தம் ரப்பர் ஆலையை அந்தக் கிராமத்தில் நிறுவினார். ஊர் பெயர் மாறியது. வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்புதான். நீ சூன் அவர் பெயர். ஈசூன் என்பது அதே எழுத்துகளை மாண்டரினில் உச்சரிப்பது. சோங் பாங் அவருடைய மகன் பெயர். மார்சிலிங் சீனாவில் அவருடைய பூர்வீக ஊரை நினைத்து வைத்தது. பா சூன் பா சாலை என்று ஒன்று இருக்கிறது. பா சூன் அவருடைய இன்னொரு பெயர், அதோடு தோட்டம் என்ற சொல்லைச் சேர்த்தது. ஒரு முதலாளியின் குடும்பம் முழுக்க வடக்கு வட்டாரத்தில் முகவரியாக நிற்கிறது. அவர் உழைப்பையோ துணிவையோ நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த ஆலையை 1920-களின் இறுதியில் வாங்கிய லீ கோங் சியானும் அப்படித்தான், சாதாரண மனிதரில்லை. தேசிய நூலகம் கட்ட அவர் 1953-ல் 375,000 வெள்ளி கொடுத்தார். நூலகம் எல்லாருக்கும் இலவசமாக இருக்க வேண்டும், தாய்மொழி நூல்களுக்கும் இடம் வேண்டும் என்பது அவர் நிபந்தனை. ஸ்டாம்ஃபோர்ட் சாலையில் 1960-ல் திறந்த அந்தச் சிவப்புச் செங்கல் கட்டடத்தில் நான் எடுத்துப் படித்த தமிழ்ப் புத்தகங்களுக்குக் கணக்கில்லை. ரப்பர் கொடுத்த பணம் அது. அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "அப்ப நாங்க வெட்டுன பாலு புஸ்தகமா வந்துருக்குன்னு சொல்லு" என்றார். நான் வேறெங்கும் இவ்வளவு சரியாகச் சொல்லக் கேட்டதில்லை.

எங்கள் ஆலை அவர்களுடையது அல்ல. செம்பவாங் சாலையிலிருந்து செம்மண் பாதையில் உள்ளே போகவேண்டிய ஒரு சின்ன ஆலை. அதன் பெயர் இங்கே வேண்டாம். ஒரு தவுக்கே, அதாவது முதலாளி, கணக்கெழுத ஒரு கிராணி, வேலையை மேற்பார்க்க இரண்டு மண்டோர், வேலையாட்கள் அறுபது எழுபது பேர். ஆலை என்று நான் எழுதுகிறேனே தவிர, எங்கள் வாயில் அது ஸ்டோருதான். "அம்மா ஸ்டோருக்குப் போயிருக்கு." ஸ்டோருக்குப் பின்னால் தமிழர் குடியிருந்த லயன் வீடுகள், இரண்டு வரிசை. ஓடைக்கு அந்தப் பக்கம் அத்தாப்பு ஓலைக் கூரைபோட்ட சீனர் வீடுகள், பன்றிக் கொட்டில்கள், கீரைப் பாத்திகள். சடக்குப் பக்கம், அதாவது சாலைப் பக்கம், போனால் மலாய்க்காரர் இரண்டு மூன்று குடும்பம். பால்மரத்தடியில் ஒரு முனியாண்டி, கல்லும் சூலமும் மட்டும்.

தாத்தாவும் அப்பாயியும் 1936-ல் வந்தார்கள். துறையூர்ப் பக்கம் கிராமம். மழை இல்லை, நிலமும் இல்லை. அதற்கு ஐந்தாறு வருடங்களுக்கு முன்னால்தான் ரப்பர் விலை விழுந்து, மலாயாவிலிருந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். திரும்பி வந்தவர்களின் கதையைக் கேட்டபிறகும் இவர்கள் கிளம்பியிருக்கிறார்கள் என்றால் ஊர் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம். தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி வந்து பேர் எழுதினார். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல். பினாங்கில் பாதிப்பேர் இறங்க, மீதிப்பேரைச் சிங்கப்பூரில் செயின்ட் ஜான்ஸ் தீவில் இறக்கி நோய் பார்த்தார்கள். அப்பாயி அந்தத் தீவைக் கடைசிவரை கொரண்டி என்றுதான் சொன்னார், குவாரன்டீன் என்ற சொல் அவர் வாயில் அப்படி ஆனது. அங்கே தலைமுடியில் மருந்துத் தண்ணீர் ஊற்றியதையும், எல்லாருடைய துணியையும் ஒன்றாகப் போட்டு ஆவியில் அவித்ததையும் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்துவிடும். கல்யாணச் சேலை அதில் சாயம் போயிற்று.

இரண்டே வருடத்தில் அந்த வழியும் அடைபட்டது. 1938 ஜூனில் இந்திய அரசு மலாயாவுக்கு உதவிப்பயணத்தில், அதாவது பயணச்செலவு கொடுத்து, ஆள் அனுப்புவதைத் தடை செய்தது. கூலி குறைவு என்ற வாதத்தில் எழுந்த தடை அது, நியாயம்தான். ஆனால் சட்டத்தின் மொழியில் ஒரு சொல் இருக்கிறது. 1922-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் இவர்களைத் 'தொழில்திறன் அற்றவர்கள்' என்ற வகையில் வைக்கிறது. நூலகத்தில் அந்த வாசகத்தை முதலில் படித்தபோது சாதாரணமாகக் கடந்துபோனேன். பிற்பாடு அது என்னை விடவில்லை. ஏன் என்று சொல்ல, ஸ்டோருக்குள் என்ன வேலை நடந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

பால்மரம் வெட்டுவதிலிருந்து வருகிறேன். தாத்தா விடியாமுன்னே கிளம்பிவிடுவார், நெற்றியில் விளக்கு. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும், குளிர்ச்சியிலேயே வெட்டி முடிக்க வேண்டும். பட்டையில் சாய்வாக ஒரு கோடு, அதில் நேற்றைக்கு முந்தினநாள் வெட்டிய இடத்துக்குக் கீழே ஒரு நூல் கனத்துக்குச் சீவல். ஆழம் குறைந்தால் பால் வராது. கொஞ்சம் கூடிவிட்டால் கத்தி மரத்தின் உயிரைத் தொட்டுவிடும். அப்படிக் காயம்பட்ட இடத்தில் முண்டு விழும், அடுத்தமுறை அந்தப் பட்டையில் வெட்ட முடியாது. முந்நூறு, நானூறு மரம், ஒவ்வொன்றிலும் இருட்டில் இந்த மயிரிழை. வெட்டி முடிந்ததும் திரும்ப நிரையின் தலைக்குப் போய் மரத்தில் வைத்த மங்குகளில், அதாவது கிண்ணங்களில், சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிக்கொண்டு வரவேண்டும். கோட்டில் காய்ந்து ஒட்டியிருப்பது கோட்டுப்பால், மங்கில் உறைந்து கிடப்பது கட்டிப்பால். அவற்றுக்குத் தனிச் சாக்கு. அப்பாயி காண்டாக் கம்பில் இரு பக்கமும் வாளி தொங்கவிட்டு ஸ்டோருவரை சுமப்பார். நடையில் ஒரு குலுக்கல் இருந்தால் பால் சிந்தும். குலுங்காமல் நடக்கும் அந்த நடை கடைசிவரை அவருக்குப் போகவில்லை. கையில் ஒன்றுமில்லாதபோதும் அப்படித்தான் நடப்பார்.

ஸ்டோரில் பால் அளப்பவர் பித்தளைக் கருவி ஒன்றை வாளிக்குள் மிதக்கவிட்டுப் பாலின் கெட்டியைப் பார்ப்பார். மரத்துப் பாலில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று முன்பின்தான் ரப்பர். மற்றது பெரும்பாலும் தண்ணீர். வடிகட்டி, இன்னும் தண்ணீர் சேர்த்து, தொட்டியில் ஊற்றி, ஆசிட் கலப்பார்கள். ஃபார்மிக் ஆசிட். எங்களுக்கு மலாய்ச் சொல்தான், சூக்கா. சூக்கா கூடினால் சீட்டு விறைத்துப்போகும்; குறைந்தால் உறையாமல் வெள்ளைத் தண்ணீராக ஓடும். நுரையை வழித்தெடுக்காவிட்டால் அது சீட்டுக்குள் கொப்புளமாக உட்கார்ந்துகொள்ளும். ராத்திரியில் தொட்டியில் உறைந்தது காலையில் தோசைமாவுத் தட்டு மாதிரி, வெள்ளை வெளேரென்று தளதளவென்றிருக்கும். அதை உருளைகளில் விட்டுவிட்டு மெல்லிசாக்குவார்கள். கடைசி உருளையில் வரிவரியாகப் பள்ளம் வெட்டியிருக்கும். சீட்டில் விழும் அந்த வரிகள் அழகுக்கு என்று சின்னவயதில் நினைத்திருந்தேன். காற்றுப்படும் பரப்பு கூடும், சீக்கிரம் உலரும், அடுக்கினால் ஒன்றோடொன்று ஒட்டாது, அதற்காக.

அந்த உருளைகளைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். எதிர்வீட்டுப் பெரியப்பாவுக்கு வலது கையில் இரண்டு விரல் கிடையாது. ஈரச் சீட்டு வழுக்கிக் கோணலாக ஏறியதைச் சரிசெய்யக் கையை நீட்டியிருக்கிறார். அவர் கவனக்குறைவு என்று கிராணி எழுதினார். கொஞ்சம் பணம் கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் அதே உருளைக்குத் திரும்பினார், இடது கையால் வேலை செய்யக் கற்றுக்கொண்டு. உருளைக்கு முன்னால் ஒரு இரும்புத் தடுப்பு போட்டிருந்தால் போதும். அது போடப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

இனி அப்பாவின் இடம். புகைக்கொட்டகை. தகரக் கூரை, உயரமான கட்டடம், உள்ளே மூங்கில் கம்புகளில் அடுக்கடுக்காகச் சீட்டுகள், அடியில் தீக்குழி. வயதான பால்மரங்களை வெட்டிய விறகுதான் எரிபொருள். சீட்டு உள்ளே நாலைந்து நாள் இருக்கும். முதல்நாள் இளஞ்சூடு, புகை நிறைய, மேலே காற்றுவழி திறந்திருக்க வேண்டும், ஈரம் வெளியேறணும். பிறகு நாளுக்கு நாள் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, 60 டிகிரிவரை கொண்டுபோகலாம். அவசரப்பட்டு முதல்நாளே சூட்டை ஏற்றினால் சீட்டு கொப்புளித்துப்போகும், இழுபட்டுத் தரையில் விழும். தீ குறைந்தால் பூசணம் பிடிக்கும். பூசணத்தைத் தடுப்பது புகையில் இருக்கும் பொருள்கள்தான், வெறும் சூடு போதாது. அதனால் பச்சை விறகையும் காய்ந்ததையும் கலந்து போடுவது ஒரு கணக்கு. சுவரில் வெப்பமானி ஒன்று தொங்கியது. அப்பா அதைப் பார்த்து நான் கண்டதில்லை. கதவுப் பலகையில் புறங்கையை வைப்பார், ஒரு மூச்சு நேரம் நிற்பார், பிறகு போய் ஒரு கட்டையை இழுப்பார் அல்லது தள்ளுவார். இரவில் மூன்று முறை எழுந்து போவார். புகைக்கொட்டகைகள் தீப்பற்றி எரிவது அந்தக் காலத்தில் அடிக்கடி நடந்தது. எங்களுடையது அப்பா இருந்தவரை எரியவில்லை. அவர் கண்கள் எப்போதும் சிவந்திருந்ததால் குடிகாரர் என்று கம்பத்துக்கு வெளியே இருந்தவர்கள் நினைத்தார்கள். அவர் கள்ளைத் தொட்டதில்லை.

புகைக்கொட்டகையிலிருந்து வந்த சீட்டுகள் அம்மாவிடம் போகும். நீளமான அறை, வடக்குப் பார்த்து ஆறு சன்னல், சன்னலுக்கு ஒரு பெண். வடக்குப் பார்த்து வைத்தது வெயில் நேராக விழாமல் வெளிச்சம் சீராக இருக்கட்டும் என்றுதான். ஒவ்வொரு சீட்டையும் எடுத்துச் சன்னலில் பிடித்துப் பார்க்க வேண்டும். நல்ல சீட்டு தேன் நிறத்தில், உள்ளே வெளிச்சம் ஊடுருவிப் போகும். அது ஒன்றாம் நம்பர். ஐந்தாம் நம்பர்வரை தரம் இருந்தது. உள்ளே ஊசிமுனைக் கொப்புளம், பட்டைத் துணுக்கு, மணல், துரு மாதிரிப் படலம், புகை கூடிக் கறுத்தது, ஒவ்வொன்றும் தரத்தைக் கீழே இறக்கும். உலராமல் உள்ளே வெள்ளைப் புள்ளியாக நின்றிருந்தால் "வேகலை" என்று ஒதுக்கிவைப்பார், திரும்பப் புகைக்குப் போகும். சோற்றுக்குச் சொல்கிற அதே சொல். சின்னக் குறையாக இருந்தால் கத்திரியால் வெட்டியெடுத்து மீதியைக் காப்பாற்றுவார். எவ்வளவு வெட்டலாம் என்பதுதான் சாமர்த்தியம். கூட வெட்டினால் எடை நட்டம், குறைய வெட்டினால் தரம் நட்டம்; இரண்டுக்கும் மண்டோர் கத்துவார். ஒரு சீட்டுக்கு அம்மாவுக்குத் தேவைப்பட்டது ஒன்றிரண்டு நொடி. நாள் முழுக்க, நின்றபடி.

அம்மாவின் இடம் இரண்டாவது சன்னல். முதலில் ஒரு சீனப் பாட்டி. ஆறு பேரில் மூவர் தமிழர், இருவர் சீனர், ஒருவர் யார் என்பதற்குப் பிறகு வருகிறேன். பேச்சு எல்லாம் சந்தை மலாயில். அதில் தமிழும் தியோச்சியூ என்ற சீனப் பேச்சுமொழியும் கலந்து, அந்த அறைக்கு மட்டுமே ஆன ஒரு மொழி. சீனப் பாட்டிக்குப் பார்வை மங்கத் தொடங்கியபோது, முதல் சன்னலில் பிரித்துவைத்த அடுக்கை அம்மா தன் அடுக்கோடு மாற்றி மாற்றிப் பார்த்துச் சரிசெய்து விடுவாராம், மண்டோருக்குத் தெரியாமல். இரண்டு வருடம் அப்படி ஓட்டியிருக்கிறார்கள். சீனப் புத்தாண்டுக்கு அந்தப் பாட்டி வீட்டிலிருந்து எங்களுக்கு ஆரஞ்சுப் பழம் வரும். தீபாவளிக்கு எங்கள் முறுக்கு ஓடை தாண்டிப் போகும். இதை இன நல்லிணக்கம் என்று மேடையில் சொல்வார்கள். எங்களுக்கு அது பக்கத்துச் சன்னல்.

நடுவில் வந்த கெட்ட காலங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், சொல்வதற்கு எனக்குத் தெம்பில்லை. 1942 பிப்ரவரியில் ஜப்பான்காரன் வந்ததும் ரப்பர் நின்றது. மரவள்ளிக் கிழங்கு நட்டார்கள். தாத்தாவின் தம்பி ஜொகூரில் ஒரு தோட்டத்தில் இருந்தார். ஜப்பான்காரர்கள் அவரைச் சயாம்-பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். திரும்பவில்லை. அப்பாயி ஒவ்வோர் ஆடி அமாவாசைக்கும் அவருக்கு ஓர் இலை தனியாகப் போட்டார்.

1950-51 கொரியா யுத்தத்தின்போது ரப்பர் விலை ஏறியது. அந்த ஏற்றத்தை ஒட்டித்தான் 1952-ல் அம்மாவை வேலைக்கு எடுத்தார்கள். அறுபதுகளில் ஸ்டோரு சொந்தப் பாலை மட்டும் நம்பி நடக்கவில்லை. சுமத்திராவிலிருந்தும் போர்னியோவிலிருந்தும் சிறு விவசாயிகள் உறையவைத்த கட்டி ரப்பர் படகுகளில் சிங்கப்பூர் வந்து இறங்கும். மண்ணும் பட்டையும், எடை கூட்டக் கல்லும்கூட உள்ளே இருக்கும். அதை ஊறவைத்து, உருளையில் நசுக்கிக் கழுவி, மெல்லிய தகடாக இழுத்து உலர்த்தி விற்பது இந்தத் தீவில் அன்றைக்குப் பெரிய தொழில். அந்த நாற்றத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. லோரி வரும் நாளில் பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள், என் சட்டையில் அவ்வளவு வீசும். 1963 முதல் 1966 வரை மலேசியாவுக்கு எதிராக இந்தோனேசியா நடத்திய 'கொன்ஃப்ரன்டாசி' எதிர்ப்புக் காலத்தில் அந்த வரத்து அடிபட்டது. ஸ்டோரில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. பிறகு கொஞ்சம் மீண்டது, ஆனால் பழையபடி ஆகவே இல்லை. இந்தோனேசியாக்காரர்கள் தங்கள் ரப்பரைத் தாங்களே ஆலை வைத்துச் சுத்தம்செய்யத் தொடங்கினார்கள். அதில் தவறென்ன இருக்கிறது. மலேசியாவும் 1965-ல் தரக்குறியீட்டு முறை ஒன்றைக் கொண்டுவந்தது. ஆய்வுக்கூடத்தில் அழுக்கின் அளவை எண்ணாகச் சொல்லும் முறை. 33 கிலோ சொச்சக் கட்டிகளாக, பிளாஸ்டிக் உறையில் வரும். அதற்குச் சன்னலும் வேண்டாம், சன்னலோரம் நிற்கும் பெண்ணும் வேண்டாம்.

1977-ல் ஸ்டோரு மூடியது. அப்போது எனக்குப் பதினாறு வயது.

அம்மாவுக்கு வேறு வேலை தேட வேண்டும். ஒரு தையல் தொழிற்சாலையில் ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டுப் படிவம் வாங்கி வந்தோம். ஆங்கிலப் படிவம், நான்தான் நிரப்பினேன். பெயர், பிறந்த ஆண்டு, அடையாள அட்டை எண். படிப்பு என்ற கட்டத்தில் கோடு போட்டேன். அடுத்த கட்டம், தொழில்திறன். அம்மா எதிரில் உட்கார்ந்து என் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் 'இல்லை' என்று எழுதினேன். யோசிக்கக்கூட இல்லை. "என்ன எழுதுன?" என்றார். "ஒண்ணுமில்லம்மா" என்றேன். இரண்டும் ஒரே பதில்தான் என்பது இப்போது உறைக்கிறது.

வேலை கிடைத்தது. அம்மாவுக்குத் துணைக்குச் சென்றவர் சொன்னது இது. மூன்றாம் நாள் மேற்பார்வையாளர் அம்மாவை நூல் வெட்டும் மேசையிலிருந்து எழுப்பினார். அங்கே தைத்து வந்த சட்டைகளை அம்மா ஒவ்வொன்றாகக் குழல்விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், யாரும் சொல்லாமலே. நூல் இழுபட்டது, தையல் தாண்டியது, துணியிலேயே நெசவுக்குறை இருந்தது என்று ஒரு மணி நேரத்தில் பதினோரு உருப்படிகளைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். அன்றிலிருந்து தரம் பார்க்கும் மேசை. ஆனால் சம்பளச் சீட்டில் கடைசிவரை 'பயிற்சி தேவைப்படாத பணி' என்ற வகையில்தான் இருந்தார். கடலுக்கு அப்பால் 1922-ல் ஒரு சட்டத்தில் எழுதியதும், எங்கள் வீட்டு மேசையில் 1977-ல் நான் எழுதியதும் ஒரே சொல். நான் முப்பது வருடம் தமிழாசிரியராக இருந்தவள். ஒரு சொல்லைப் பற்றி இவ்வளவு காலம் நான் யோசித்ததில்லை.

எண்பதுகளில் கம்பம் போயிற்று. நில எடுப்புச் சட்டத்தில் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. ஈசூன் புதுநகரில் வீவக வீடு, அதாவது அரசாங்கம் கட்டிய அடுக்குமாடி வீடு, கிடைத்தது, நாலாவது மாடி. வீட்டுக்குள் குழாய், வீட்டுக்குள் கழிப்பறை. அம்மாவுக்குச் சந்தோஷம்தான், மழை நாளில் ஓடை தாண்டிப் பொதுக் கழிப்பறைக்குப் போன பெண்கள் யாரும் கம்பத்தை நினைத்து ஏங்க மாட்டார்கள். ஏங்குகிறவர்கள் அனேகமாக ஆண்கள். அப்பாதான் ஒடுங்கிப்போனார். ஒரு கட்டடத்தில் இரவுக் காவல் வேலை பார்த்தார். ராத்திரி மூன்று முறை எழுந்துகொள்ளும் பழக்கத்துக்கு அது ஒத்துவந்தது. முனியாண்டியின் கல்லை யாரோ எடுத்துப் போய் வேறொரு கோயிலில் சேர்த்தார்கள். இப்போது வட்டாரத்துத் தமிழர்கள் கூடுவதற்குப் புனித மரம் பாலசுப்பிரமணியர் கோயில் இருக்கிறது. பங்குனி உத்திரத்தன்று போனால் பழைய முகங்கள் நாலைந்தாவது கண்ணில்படும்.

அப்படி 2022 பங்குனி உத்திரத்தில்தான் அத்தையைப் பார்த்தேன். இரத்த உறவில்லை, மூன்றாவது சன்னலில் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றவர், அதனால் அத்தை. எண்பத்தாறு வயது, சக்கர நாற்காலி, ஞாபகம் மட்டும் ஒன்றாம் நம்பர். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் தோ பாயோவில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போகிறேன். நான் கொண்டுபோகும் நோட்டில் அவர் திருத்தம் சொல்வார். காலைச் சங்கு ஆறு மணிக்கு என்று எழுதியிருந்தேன். "அஞ்சே முக்கால். ஆறுக்கு ஊதுனா யாரு கதவத் தொறக்குறது?" மாற்றினேன். வெட்டியெடுத்த துணுக்குகளை எறிந்துவிடுவார்கள் என்று எழுதியிருந்தேன். "எறிவாங்களா? அதுக்குத் தனிப் பெட்டி, அதுக்குத் தனி வெல." மாற்றினேன். அம்மாவின் கத்திரிக்கோலை ஒருநாள் எடுத்துப்போய்க் காட்டினேன். வாங்கி, துணி சுற்றியிருந்த விதத்தைப் பார்த்துவிட்டு, "இது ஒங்கம்மாவோடது இல்ல. மொத சன்னல் பாட்டியோடது. நின்னுபோறப்ப குடுத்துட்டுப் போச்சு" என்றார். எங்கம்மா அதை என்னிடம் சொன்னதே இல்லை.

ஆறு சன்னலுக்கும் ஆள் எழுதிவிட வேண்டும் என்பது என் ஆசை. முதலாவது சீனப் பாட்டி. இரண்டாவது அம்மா. மூன்றாவது அத்தை. நான்காவது லயன் கோடியில் இருந்த, பாட்டுப் பாடுகிற ஆயா. அவருடைய பேரன் மெல்பனில் இருக்கிறார், ஒரு புகைப்படம் அனுப்பினார். ஐந்தாவது ஒரு சீனப் பெண், கல்யாணமாகி மலேசியாவில் குளுவாங் பக்கம் போனவர்.

ஆறாவது சன்னலில் நின்றவர் யார் என்று அத்தைக்குத் தெரியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமையும் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் யோசித்தார். "மலாய்க்காரப் பொண்ணுன்னுதான் நெனைக்கிறேன். வந்து கொஞ்ச நாள்தான் இருந்துச்சு. பேரு வரல. ஆனா அது பிரிச்ச அடுக்குல ஒரு சீட்டக்கூட நாங்க திருப்பிப் பாத்தது இல்ல." அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன், பெயர் எழுத மேலே இடம் விட்டு.